மக்கிய கயிறும் மக்காத கயிறும்

அறுபது எழுபது வருடங்களுக்கு முன்னால் ஒரு சம்சாரி வீட்டில் போய்ப் பொதுவாகக் கயிறு கேட்டால், எந்தக் கயிறு என்று திருப்பிக் கேட்பார்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, அதைப் பிடித்து நடத்தப் பிடிகயிறு, நுகத்தில் பிணைக்கப் பூட்டாங்கயிறு, கன்றுக்குத் தும்பு, சூடடிக்கும் களத்தில் மாடுகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டத் தாமணி. வீட்டுக்குள் வந்தால் தயிர்ப்பானை தொங்கும் உறி, கட்டில் பின்னிய கயிறு, தொட்டில் கயிறு. கிணற்றடியில் வாளிக்கயிறு. ஆண்பிள்ளை இடுப்பில் அரைஞாண், பெண்ணின் கழுத்தில் மஞ்சள் தோய்த்த தாலிக்கயிறு. பனையேறியின் காலில் தளைநார். ஒவ்வொன்றுக்கும் தனி நார், தனி முறுக்கு, தனித் தடிமன்.

இவற்றில் பல வீட்டிலேயே திரித்தவை. கற்றாழையை அழுகவைத்து நாரெடுத்தார்கள். பனை மட்டையை நசுக்கி நார் உரித்தார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் வைக்கோல் இருந்தது. ஒரு பிடி வைக்கோலை நனைத்து, ஒருவர் இழுத்துக்கொடுக்க இன்னொருவர் முறுக்கிக்கொண்டே பின்னால் நடந்தால் கொஞ்ச நேரத்தில் நீளமான பிரி கிடைத்துவிடும். நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் விதைநெல்லை வைக்கோலுக்குள் பொதிந்து, இந்தப் பிரியால் இறுக்கிச் சுற்றிக் கோட்டை கட்டி வைத்தார்கள். அடுத்த பருவத்தில் கோட்டையைப் பிரித்ததும் நெல் நாற்றங்காலுக்குப் போகும், வைக்கோல் மாட்டுக்குப் போகும். கயிறென்று மிச்சம் எதுவும் இருக்காது.

இன்றைக்கு அதே ஊரின் இரும்புக்கடையில் நீலம், பச்சை, மஞ்சள் நிறங்களில் பிளாஸ்டிக் கயிறு சுருள் சுருளாகத் தொங்குகிறது. எடை போட்டுத் தருகிறார்கள். மாடு கட்டவும், துணி காயப்போடவும், லாரியில் பாரம் கட்டவும், பந்தல் போடவும் அந்த ஒன்றே. வெயிலில் கிடந்து இழை இழையாக உதிர்ந்த பிறகும் அது மண்ணோடு மண்ணாகாது.

பழைய கயிற்றைவிட இது பலமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கயிற்றின் அருமை முழுவதும் அதன் பலத்தில் இல்லை என்பதே என் எண்ணம். நெகிழ்ந்து கொடுப்பதும், காலம் முடிந்ததும் மக்கிப்போவதும் கயிற்றின் குணங்களே. அந்த இரண்டையும் குறைகள் என்று எண்ணித்தான் நாம் நாரைக் கைவிட்டோம்.

நார் எப்படிக் கயிறாகிறது என்பதை ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டும். தேங்காய் நார் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம்தான். அவற்றை ஒரு பக்கமாக முறுக்கினால் இழை. இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் புரி. புரிகளைச் சேர்த்து மறுபடி முதல் பக்கமாக முறுக்கினால் கனத்த வடம். ஒன்று தளர நினைக்கும்போது மற்றது இறுகுகிறது. பசையோ முடிச்சோ இல்லாமல் குட்டை நார்கள் நூறு அடிக் கயிறாக நிற்பது இந்த எதிர்முறுக்கால்தான். இந்த முறை மிகப் பழையது. பிரான்சில் ஆப்ரி து மாரா என்ற பாறைக்குடிலில் ஒரு கற்கருவியின்மேல் ஒட்டியிருந்த 6 மில்லிமீட்டர் நீளக் கயிற்றுத் துணுக்கைப் பற்றி 2020-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது நியாண்டர்தால் மனிதர்கள் திரித்தது. வயது 40,000 ஆண்டுகளுக்கும் மேல். மரப்பட்டை நாரை ஒரு பக்கமாக முறுக்கி, மூன்று இழைகளை எதிர்ப்பக்கமாகச் சேர்த்திருக்கிறார்கள். கயிறு திரிக்கும் ஊரான சிங்கம்புணரியில் இன்று ராட்டையில் ஏறும் கயிறும் அதே முறையில்தான் பிறக்கிறது.

கமலை இறைத்தவர்களுக்குக் கயிற்றின் அளவு உயிர்நாடி. மாடு பூட்டி இறைக்கும் கமலையில் இரண்டு கயிறுகள் உண்டு. மேல் உருளையில் ஓடும் தடித்த வடக்கயிறு, தண்ணீர் அள்ளும் சாலைத் தாங்கும். கீழ் உருளையில் ஓடும் மெல்லிய வால்கயிறு, சாலின் அடியிலுள்ள தோல் வாலின் நுனியை மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருக்கும். மாடுகள் சரிவில் இறங்க, தண்ணீர் சிந்தாமல் சால் மேலே வரும். கிணற்று விளிம்பைத் தாண்டியதும் வால்கயிறு வாலைத் தொட்டிப் பக்கமாக நீட்ட, தண்ணீர் தானாகக் கொட்டும். இரண்டு கயிறுகளின் நீளமும் சரியாகப் பொருந்தாவிட்டால் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். இறைப்பவர் சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து தன் உடல் எடையையும் மாட்டுக்குத் துணையாகக் கொடுப்பார். அவர் உயிரே அந்தப் புரிகளை நம்பித்தான் இருந்தது.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்தது. கோயம்புத்தூர்ப் பட்டறைகள் பம்புசெட் செய்தன. மெல்ல மெல்லக் கமலை போய்விட்டது. இதில் வருந்த ஒன்றுமில்லை. விடியற்காலையிலிருந்து சரிவில் ஏறி இறங்கிய மாடுகளுக்கும் மனிதர்களுக்கும் அது விடுதலை.

கடற்கரையில் நடந்த மாற்றம் இத்தனை எளிதாகக் கணக்குப் பார்க்கக்கூடியதல்ல. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்திருப்பார்கள். ஆணி அறைந்த ஐரோப்பியப் படகுகள் சென்னைக் கரையின் அலையில் மோதித் தரையில் விழும்போது உடைந்தன. தைத்த படகு அலையடித்தால் நெளியும், தரை தட்டினால் வளையும், உடையாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் முதல் ஆளுநர்கள் வரை சென்னைக்கு வந்து இறங்கியவர்கள் அந்தத் தையலை நம்பித்தான் கரையேறினார்கள். துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நட்டார்கள். 1881-இல் அடித்த புயல், கட்டி முடியும் நிலையிலிருந்த கல்சுவர்களை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். அதற்குப் பிறகு மசூலாவின் தேவை மெல்லக் குறைந்து மறைந்தது.

கட்டுமரம் இன்னும் ஒரு படி மேலே. கடலுக்குப் போகும்போது மரங்களைக் கயிற்றால் கட்டினார்கள். கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயவைத்தார்கள். ஒரு கலத்தை அன்றாடம் கட்டி அன்றாடம் அவிழ்க்க முடிந்தது கயிறு இருந்ததால்தான். கரைவலைக்கு இரண்டு பக்கமும் நெடுந்தூரம் கயிறு வேண்டும். ஊரே இரு வரிசையாக நின்று அம்பாப் பாட்டின் தாளத்துக்கு இழுத்தது.

1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் நைலானை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் ஜப்பானிடம் விழுந்து மணிலா நார் வரத்து நின்றபோது, அமெரிக்கர்களுக்கு நைலான் கயிறு கைகொடுத்தது. 1954-இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா பாலிப்ரொப்பிலீனைத் தந்தார். தண்ணீரில் மிதக்கும், ஊறாது, விலை மலிவு. நம் கடற்கரைகளில் 1960-களிலிருந்து நைலான் வலை பரவியது. பருத்தி வலையையும் சணல் வலையையும் வைத்திருந்தவர்கள் அவற்றை மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து, ஒவ்வொரு நாளும் உலர்த்தி, இற்ற இடங்களை உட்கார்ந்து முடைந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த உழைப்பு ஒரேயடியாகக் குறைந்தது. மீனவர் வீட்டில் யாரும் நைலானைப் பழிக்க மாட்டார்கள். நானும் பழிக்கவில்லை.

ஆனால் இற்றுப்போகாத வலை கடலில் அறுந்து விழுந்தாலும் இற்றுப்போவதில்லை. ஆளில்லாமலே அது மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் சிக்கிக் கிடக்கிறது. ஆமைகளின் கழுத்தில் சுருக்காக விழுகிறது. பருத்தி வலை தொலைந்தால் நஷ்டம் மீனவருக்கு மட்டும், அதுவும் சில மாதங்களுக்கு. நைலான் வலை தொலைந்தால் கடல் பல பத்தாண்டுகள் அதைச் சுமக்க வேண்டும். தொழுவத்திலும் இதன் சிறு வடிவத்தைப் பார்க்கலாம். மாட்டின் கழுத்தில் கட்டிய பிளாஸ்டிக் கயிறு தோலை அறுத்துப் புண்ணாக்குகிறது. கன்று சுற்றிச் சிக்கிக்கொண்டு இழுத்தால், நார்க்கயிறு சில வேளை அறுந்து உயிரைக் காப்பாற்றும். பிளாஸ்டிக் கயிறு அறுவதில்லை.

நார் இன்னும் முழு உரிமையோடு ஆளும் ஓரிடம் தேர்வீதி. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. அதற்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். பின்னால் புல்டோசர் தள்ளுகிறது. இத்தனை மாறியும் முன்னால் நீள்வது வடம்தான். இதற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல. வியர்த்த கையிலும் தேங்காய் நார் வழுக்காது. ஆயிரம் பேர் இழுக்கும்போது ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். அந்த ஏற்றத்தாழ்வை நார் வாங்கிக்கொள்கிறது. கனமான நைலான் கயிறு நீண்டு விறைத்து அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வந்து அடிக்கும். துறைமுகத் தொழிலாளர்கள் இதற்கு அஞ்சித்தான் விறைத்த கயிற்றின் பாதையில் நிற்க மாட்டார்கள். கூட்டம் நெருக்கும் தேர்வீதியில் அப்படியொரு கயிற்றை நினைத்துப் பார்க்கவே முடியாது.

நார்க்கயிற்றுக்கும் வயது உண்டு. 2024 ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டத்தின்போது வடங்கள் அடுத்தடுத்து அறுந்தன. திருச்செந்தூர்க் கோவிலிலிருந்து வடம் கொண்டுவந்து தேரை நகர்த்த வேண்டியதாயிற்று. மக்கும் பொருளை வைத்துக்கொண்டால் அது மக்கும் காலத்தைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் தொட்டுப் பார்த்து, புரி பிரித்துப் பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றும் பழக்கம் எந்தக் கோவிலில் விட்டுப்போகிறதோ அங்கே வடம் அறும்.

அதே ஆனி மாதத்தில் சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீஸ்வரர் தேர் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓடியது. அங்கே அடைபட்டிருந்தது வடம் பிடிக்கும் உரிமை. இன்னார் இன்ன வடத்தைப் பிடிக்க வேண்டும், தலித் மக்கள் தொடவே கூடாது என்று இருந்த வழக்கத்தை எதிர்த்து 1990-களின் இறுதியிலிருந்து நடந்த போராட்டமும் வழக்கும் தேரையே நிறுத்திவைத்தன. எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்து இழுக்க வேண்டும் என்ற நீதிமன்ற ஆணையோடு, பலத்த போலீஸ் காவலில் தேர் நகர்ந்தது. பழைய கயிறுகளைப் பற்றி உருகி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையல்ல. அந்த நாளில் நல்ல நாரில், நல்ல கைகளால் திரித்த வடத்தை எல்லாரும் தொட முடியவில்லை. இன்றும் பல ஊர்களில் அதற்குக் காவலர் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கயிறு வணிகத்தின் கதை தனி. ஆலப்புழையில் 1859-இல் ஜேம்ஸ் டார்ரா என்பவர் முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். கேரளக் காயல்களில் பச்சை மட்டையை மாதக்கணக்கில் அழுகவைத்து, பெண்கள் கட்டையால் அடித்து, வெள்ளை நார் எடுத்தார்கள். கெட்ட நாற்றத்தில், இடுப்பளவு தண்ணீரில் செய்த வேலை அது. கூலியோ மிகக் குறைவு. இப்போது பெரும்பகுதி பொள்ளாச்சிப் பக்கம் இயந்திரங்களுக்கு வந்துவிட்டது. முற்றிய மட்டையைக் கிழித்துப் பழுப்பு நார் எடுக்கிறார்கள். நார் மெத்தைக்காகச் சீனாவுக்குப் போகிறது. ஒரு காலத்தில் குப்பையாகக் குவிந்த நார்த்தூள், மண்ணில்லாச் சாகுபடிக்காகக் கட்டி கட்டியாகக் கப்பலேறுகிறது. மட்டையின் மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் கயிறு திரிப்பது அந்த வணிகத்தின் சிறு மூலையாகிவிட்டது. சிங்கம்புணரி போன்ற ஊர்களில்தான் தேர்வடத்துக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

மக்குவதே இப்போது நாரைத் திரும்பக் கேட்கவைக்கிறது. மண் சரியும் கரைகளிலும் ஓடைச் சரிவுகளிலும் கயிற்றால் பின்னிய வலையை விரிக்கிறார்கள். மழையில் மண் ஓடாமல் அது சில ஆண்டுகள் பிடித்து நிற்கும். அதற்குள் புல் வேர்விட்டுவிடும். பிறகு வலை மக்கி அந்த வேருக்கே உரமாகும். பிளாஸ்டிக் வலையால் முதல் பாதி வேலையைத்தான் செய்ய முடியும். 2020-இல் கிராமச் சாலைகளின் அடித்தளத்திலும் கயிற்று விரிப்பைப் போட ஒன்றிய அரசு அனுமதித்தது. அறிவித்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாட்டுக்கு 369 கிலோமீட்டர்.

தைத்த கப்பலும் திரும்பி வந்திருக்கிறது. 1980-இல் டிம் செவெரின் என்பவர் மஸ்கட்டிலிருந்து சீனாவுக்குப் போன ‘சோஹார்’ கப்பலின் பலகைகளை லட்சத்தீவுக்காரர்கள் கயிற்றால் தைத்துக் கொடுத்தார்கள். இந்தியக் கடற்படை 2025-இல் சேர்த்துக்கொண்ட ‘கௌண்டின்யா’வையும் அப்படித்தான் தைத்திருக்கிறார்கள். அஜந்தா ஓவியத்திலுள்ள கப்பலைப் பார்த்து வடிவமைத்து, கேரளத்துக் கைவினைஞர் பாபு சங்கரனின் தலைமையில் கோவாவில் தைத்தது. அந்த டிசம்பர் இறுதியில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குக் கிளம்பியது. எனக்கு அதில் பெருமையும் கவலையும் சேர்ந்தே இருக்கின்றன. இப்படிப்பட்ட கப்பலின் தையலைக் காலம்தோறும் அவிழ்த்துப் புதுக்கயிற்றால் தைக்க வேண்டும். பலகையின் துளையில் கயிற்றை எவ்வளவு இறுக்கினால் கடலில் ஊறிய பிறகு சரியாக நிற்கும் என்பது கையறிவு. அதைக் கற்றவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணுமளவுக்கே இருக்கிறார்கள். அவர்களிடம் பத்துப் பிள்ளைகளையாவது சம்பளம் கொடுத்து உட்காரவைத்துப் பழக்கினால்தான் இந்தக் கப்பலுக்கு இரண்டாவது தையல் கிடைக்கும்.