தேதி ஒட்டாத டப்பா

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில், சாப்பாடு இறங்காமல் மெலிந்துபோனவர்களுக்குச் சின்ன அட்டைப்பெட்டியில் ஊட்டச்சத்து ஷேக் கொடுப்பது வழக்கம். உறைந்த நிலையில் வரும் அதை ஃபிரிட்ஜில் வைத்து இளக வைப்பார்கள். இந்த ஷேக்குகள் வழியே லிஸ்டீரியா கிருமி பரவியதாக 2025 பிப்ரவரியில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. 2018 முதல் அதுவரை 21 மாநிலங்களில் 38 பேருக்கு நோய். அவர்களில் 12 பேர் இறந்திருந்தனர். பெரும்பாலோர் இல்லங்களிலோ மருத்துவமனைகளிலோ இருந்தவர்கள். கிருமி புகுந்தது தயாரிப்பு ஆலையில்தானே, இல்லத்து ஃபிரிட்ஜில் தேதி ஸ்டிக்கர் ஒட்டி என்ன தடுத்திருக்க முடியும் என்று கேட்கலாம். ஆலையின் குற்றத்தை ஸ்டிக்கர் அழிக்காது, உண்மை. ஆனால் மற்ற கிருமிகள் பல குளிரில் அடங்கிக் கிடக்க, லிஸ்டீரியா ஃபிரிட்ஜுக்குள்ளும் மெல்லப் பெருகும். வாடை மாறாது, நிறம் மாறாது. எத்தனை நாள் இருந்தது என்பதுதான் இங்கே ஆபத்தின் அளவு. பெட்டியில் அச்சிட்ட காலாவதி தேதி உறைந்திருக்கும் வரைக்குமானது. இளகிய பிறகு 14 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது இவ்வகை ஷேக்குகள் பலவற்றின் கணக்கு. இளக வைத்த தேதியை ஊழியர் கையால் எழுதாவிட்டால், மூன்றாம் நாள் பெட்டியும் இருபதாம் நாள் பெட்டியும் ஒரே தட்டில் ஒன்றுபோலவே நிற்கும். சமைத்து எடுத்துவைத்த உணவுக்கும் இதே நியாயம்தான்: 5 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ வைத்து, சமைத்த நாளையும் சேர்த்து 7 நாள் என்பது அந்நாட்டு மாதிரி உணவு விதி.

ஆள் பற்றாக்குறையில் திணறும் இடத்தில் இது இன்னொரு எழுத்து வேலை என்ற குறையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊட்டிவிட வேண்டிய கைகள்தான் எழுதவும் வேண்டியிருக்கிறது. அதனாலேயே பொறுப்பை நிர்வாகம் ஏற்க வேண்டும்: ஃபிரிட்ஜ் கதவிலேயே பேனாவும் ஸ்டிக்கரும் இருக்கட்டும், ஷிஃப்ட்டுக்கு ஒருவர் பார்க்கட்டும். அதைச் செய்யாமல், ஆய்வில் பிடிபட்டதும் சமையலறை ஊழியரைக் கடிந்துகொள்வது அநியாயம்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு இந்த விதிகள் பகை என்று குடும்பத்தார் அஞ்சுவதுண்டு. கூட்டாட்சி விதி அதைத் தடுக்கவில்லை. எப்படிப் பத்திரப்படுத்துவது என்று ஒரு நடைமுறை வகுக்கும்படிதான் இல்லங்களைக் கேட்கிறது. உண்மையில் பெயரும் தேதியும் இல்லாத டப்பாதான் குப்பைக்குப் போகிறது. மகள் சூப் கொண்டுவரும்போதே ஸ்டிக்கரைக் கொடுத்து எழுதச் சொன்னால், மறுநாள் அம்மா கேட்டதும் அதைச் சூடாக்கித் தர ஊழியர் தயங்க வேண்டியதில்லை.