கடைசி நாலு இலக்கம்

சுங்கச்சாவடியைத் தாண்டி வரும் டீக்கடைதான் பல ஊர்களில் இவர்களுக்கு அலுவலகம். பைக்கைச் சாய்த்து நிறுத்தி, ஓர் இளைஞர் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார். மெதுவாக நகரும் லாரியின் பதிவெண்ணில் கடைசி நாலு இலக்கத்தைத் தட்டுவார். பொருந்தினால் வண்டி யார் பெயரில் இருக்கிறது, எந்த நிறுவனத்துக் கடன், எஞ்சின் எண், சேஸிஸ் எண் எல்லாம் திரையில் வரும். பொழுதெல்லாம் தட்டியும் ஒன்றுகூடச் சிக்காத நாட்கள் உண்டு. தவணை கட்டாத வண்டியை மீட்டுவரும் இந்த ஆட்களை ஒப்பந்தத்தில் 'ரெக்கவரி ஏஜென்ட்' என்பார்கள். ஊரில் 'சீசிங் பசங்க'.

வண்டிக் கடன் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சுந்தரம் பைனான்ஸ் 1954இலும், சோழமண்டலம் 1978இலும், ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் 1979இலும் தொடங்கப்பட்டவை. மூன்றும் சென்னையில் வேர்விட்டவை. நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் கடனை நம்பித்தான் சாலைக்கு வருகின்றன. கடன் இருக்கும் இடத்தில் வசூலும் இருக்கும். வசூலாகாத இடத்தில் இந்த வேலை பிறக்கிறது.

வண்டியை எடுக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது? கடன் முடியும்வரை ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயரும் ஏறியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவு இதைப் பற்றியது. தவணை தவறியதால் வண்டியைக் கைவசப்படுத்திய நிறுவனம், தன் பெயரிலேயே புது ஆர்.சி. கேட்கவும் அதில் வழி உண்டு. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் தவணை தவறிய வண்டியை நிதியாளர் திரும்ப எடுப்பது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது.

இதைக் கேட்டு யாரும் தோள் தட்டிக் கிளம்பிவிட வேண்டாம். அதே நீதிமன்றம்தான் 2007இல் ஐசிஐசிஐ வங்கி தொடர்பான ஒரு வழக்கில், கடன் வசூலுக்கு அடியாட்களை அனுப்பும் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. மறு ஆண்டு ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விரிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஏஜென்ட் ஆவதற்கான பாதை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

மும்பையில் தலைமையகம் உள்ள இந்திய வங்கியியல், நிதியியல் கழகம் ரெக்கவரி ஏஜென்ட்களுக்கான 'டி.ஆர்.ஏ.' சான்றிதழ்த் தேர்வை நடத்துகிறது. 18 வயது நிரம்பி, 10ஆம் வகுப்புத் தேறியிருந்தால் எழுதலாம். அதற்கு முன் பயிற்சி: பட்டதாரிக்கு 50 மணி நேரம், மற்றவர்களுக்கு 100 மணி நேரம். கடன் சட்டம், வாடிக்கையாளர் உரிமை, பேசும் முறை எல்லாம் பாடத்தில் உண்டு. வேலைக்கு எடுக்கும் ஏஜென்சி ஆளின் பின்னணியை விசாரித்தாக வேண்டும். சான்றிதழே இல்லாமல் களத்தில் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் தொழிலுக்குக் கெட்ட பெயர் என்று சான்றிதழ் வைத்திருப்பவர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

முதலில் அனுபவசாலி ஒருவருக்குத் துணையாகத்தான் அனுப்புவார்கள். நிலையான சம்பளம் பல இடங்களில் கிடையாது. எடுத்த வண்டிக்கு ஏற்ற கமிஷன்தான். இருசக்கர வாகனத்துக்குக் குறைவு, லாரி, ஜேசிபி என்றால் கூடுதல். பெட்ரோல் செலவும் பலருக்குக் கைக்காசு. வண்டி வந்தால்தான் காசு என்ற இந்த ஏற்பாடுதான் வம்புக்கு விதை. வசூல் இலக்கும் ஊக்கத்தொகையும் ஏஜென்ட்டை முரட்டு வழிக்குத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008லேயே எழுதி வைத்திருக்கிறது. எழுதியது எழுதியபடி இருக்கிறது, கமிஷனும் அப்படியே இருக்கிறது.

விளைவு எவ்வளவு கொடியதாகலாம் என்பதை 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக் காட்டியது. ஒரு விவசாயியின் டிராக்டரை ஏஜென்ட்கள் எடுக்க வந்தபோது, தடுக்க முயன்ற அவருடைய கர்ப்பிணி மகள் அதன் சக்கரத்தில் சிக்கி இறந்தார். கடன் கொடுத்த மஹிந்திரா பைனான்ஸ் வெளி ஏஜென்ட்கள் மூலம் வண்டி மீட்கவோ வசூலிக்கவோ ரிசர்வ் வங்கி உடனே தடை போட்டது. 2023 ஜனவரியில்தான் அது விலகியது. அதே 2023 மே மாதத்தில் பாட்னா உயர் நீதிமன்றம், அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பது வாழும் உரிமையையே மீறுவதாகும் என்று சொல்லி, தவறு செய்த நிறுவனங்களுக்குத் தலா 50,000 ரூபாய் அபராதம் விதித்தது.

ஒழுங்காக நடக்கும் வேலை எப்படி இருக்கும்? பாதிக்கு மேல் அது பேச்சும் காகிதமும்தான். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, அடையாள அட்டையையும் நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் முதலில் காட்ட வேண்டும். "அண்ணே, மூணு டியூ நிக்குது. ஓனருக்கு ஒரு போன் போட்டுக் கொடுங்க." பெரும்பாலும் பதில், "தம்பி, நான் சம்பளத்துக்கு ஓட்டுறவன்" என்பதாகவே இருக்கும். அவரிடம் குரலை உயர்த்திப் பயனில்லை, கடன் அவருடையதும் அல்ல. உரிமையாளர் போனிலேயே பணம் கட்டிவிட்டால் வண்டி அங்கேயே விடுபடும். இல்லாவிட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல், பிறகு பொருள் பட்டியல். ஸ்டெப்னி உண்டா, பேட்டரி எந்த கம்பெனி, டயர் எந்த நிலையில், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று வரி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். டிரைவரின் போர்வையும் சாப்பாட்டுக் கேரியரும் டேஷ்போர்டில் ஒட்டிய சாமி படமும் கடனில் சேராது. லோடோடு நிற்கும் லாரியில் சரக்கு வேறொருவருடையது, அதனால் விவரம் தெரிந்த ஏஜென்ட் லோடு இறங்கும்வரை பொறுப்பார். பட்டியலில் விட்டுப்போன ஒரு பேட்டரி பின்னால் திருட்டுப் புகாராகத் திரும்பி வரும்.

யார்டுக்குப் போனதும் ஏலம் விட்டுவிட முடியாது. விற்பதற்கு முன் பாக்கியைக் கட்டி மீட்கக் கடைசி வாய்ப்பு தர வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டிய விதி. வசூலுக்காகப் போன் செய்யும் நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு: 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூடாது.

இந்த வேலைக்குக் கிளம்பும் தம்பிகள் சேரும் முன் ஏஜென்சியிடம் கேட்க வேண்டியவை உண்டு. டி.ஆர்.ஏ. பயிற்சிக்கு யார் பணம் கட்டுவார்கள்? ஒவ்வொரு வண்டிக்கும் தனி அதிகாரக் கடிதம் கையில் தருவார்களா? களத்தில் அடிபட்டாலோ வழக்கு வந்தாலோ யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கும் ஏஜென்சியின் பக்கமே போகாதீர்கள். தகராறு என்று வந்தால் எஃப்.ஐ.ஆரில் முதலில் ஏறுவது வண்டிச் சாவியைப் பிடுங்கியவர் பெயர்தான்.