அரசரின் கனவும் தளவாயின் கணக்கும்

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருபவர்கள் மரவேலைப்பாடுகளில் மனம் லயித்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் மிளகு வணிகத்தையே மாற்றிப்போட்ட முடிவுகள் இங்கிருந்துதான் பிறந்தன.

1729இல் வேணாட்டு அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மருக்குப் பெரிய கனவு ஒன்று இருந்தது: சிதறிக்கிடந்த சிற்றரசுகளை ஒரே நாடாக்குவது. படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும். பணம் மிளகில் இருந்தது. அதை டச்சுக்காரர்கள் தாங்கள் வைத்த விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கனவு அரசருடையது. அதை நடத்திக் காட்டியவர் தளவாய், அதாவது தலைமை அமைச்சர், ராமய்யன். அரண்மனையில் சிறு வேலையில் சேர்ந்து, 1737இல் தளவாய் ஆனவர்.

1741இல் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த வெற்றியோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு நடந்த வேலைதான் கடினமானது. மிளகு அரசின் தனியுரிமையானது. விளைச்சல் அரசின் பண்டகசாலைகளுக்கு வந்தது. கொள்முதல், இருப்பு, விற்பனை, கள்ளக்கடத்தலைத் தடுக்கும் காவல் என அத்தனையையும் ராமய்யன் மாவேலிக்கரையில் இருந்துகொண்டு கவனித்தார். கடைசியில் 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில், குறித்த விலைக்கு மிளகு வாங்கவும் பதிலுக்கு ஆயுதங்கள் தரவும் டச்சுக்காரர்கள் சம்மதித்தார்கள்.

நம் காலத்தில் கனவு கண்ட ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு, அதை நடத்திக் காட்ட டிம் குக் அமைந்தது இப்படித்தான். 1998இல் ஆப்பிளில் சேர்ந்த குக், தேங்கிய சரக்கைக் குறைத்து, கிடங்குகளை மூடினார். 2011இல் தலைமைப் பொறுப்பும் அவரிடமே வந்தது.

ராமய்யன் 1756இல் இறந்தார். அந்த இழப்பு மன்னரை நொறுக்கியது. 1758இல் அவரும் மறைந்தார்.