பாட்டியின் கதையா, உங்கள் கதையா? - அமெரிக்க லா ஸ்கூல் விண்ணப்பத்தில் அந்த இரண்டு பக்கம் படுத்தும் பாடு!

நியூஜெர்சியில் வளர்ந்த ஒரு தமிழ் மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 22. கல்லூரிப் படிப்பு முடியப்போகிறது. லா ஸ்கூலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்சாட் தேர்வு எழுதி, மதிப்பெண்ணும் வந்துவிட்டது. பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதங்களும் வாங்கியாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி, பர்சனல் ஸ்டேட்மென்ட். லேப்டாப்பைத் திறந்து வைத்து மூன்று வாரம் ஆகிறது. திரையில் ஒரு வரிகூட இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "நம்ம பாட்டி கதையை எழுதும்மா. 24 வயசுல தாத்தாவை இழந்துட்டு, தையல் மெஷினை வெச்சே மூணு பிள்ளைங்களைப் படிக்க வெச்சவங்க. படிச்சா கண்ணு கலங்கிடும்" என்கிறார் அம்மா. "காலேஜ்ல மாதிரி நீதிமன்றப் போட்டியில ஜெயிச்சியே, அதை எழுது" என்கிறார் அப்பா. அவளுக்கோ இரண்டிலும் மனசு ஒட்டவில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பல குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்குச் செல்ல நினைக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கும் இதே தலைவலிதான். என்ன எழுதுவது?

எதற்காக இந்த இரண்டு பக்கம்?

நம் ஊரில் சட்டக் கல்லூரி என்றால் கதை எளிது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் தேர்வு. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு ப்ளஸ் டூ மதிப்பெண். 'நீ யார், ஏன் வந்தாய்' என்று யாரும் கட்டுரை கேட்பதில்லை.

அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே சட்டம் என்பது பட்டப்படிப்புக்குப் பிறகு படிக்கும் மூன்றாண்டுப் படிப்பு. பட்டத்தின் பெயர் ஜே.டி. எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். இன்ஜினீயரும் வரலாம், இசை படித்தவரும் வரலாம். கல்லூரி மதிப்பெண்ணும், 120-லிருந்து 180-க்குள் வழங்கப்படும் எல்சாட் மதிப்பெண்ணும் முக்கியம்தான். ஆனால், ஒரே மாதிரி மதிப்பெண்ணோடு நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கும்போது, அவர்களில் ஒருவரை மனிதராக அறிந்துகொள்ள அட்மிஷன் அலுவலரின் கையில் இருப்பது இந்த இரண்டு பக்கம்தான். பெரும்பாலான லா ஸ்கூல்களில் நேர்முகத் தேர்வு எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதால் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

பொதுவாக, வரிகளுக்கிடையே இடைவெளிவிட்டு இரண்டு பக்கம். ஏறக்குறைய 500 முதல் 700 சொற்கள். கூடுதல் பக்கம் அனுமதிக்கும் இடங்களும் உண்டு. எனவே, தலைப்பை யோசிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தந்தப் பள்ளியின் கேள்வியை எழுத்து எழுத்தாகப் படிப்பது. சில பள்ளிகள் 'ஏன் சட்டம்?' என்று நேராகவே கேட்கும். சில, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று பொதுவாக விட்டுவிடும். ஹார்வர்டு லா ஸ்கூல், 2023-ல் தொடங்கிய விண்ணப்பப் பருவத்திலிருந்து, 'நோக்கம்' பற்றி ஒன்று, 'பார்வை' பற்றி ஒன்று என இரண்டு தனிக் கட்டுரைகளைக் கேட்கத் தொடங்கியது. ஒரு பள்ளிக்கு எழுதியதை அப்படியே இன்னொரு பள்ளிக்கு அனுப்பினால், கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்றாகிவிடும்.

பாட்டி கதையில் என்ன சிக்கல்?

அந்த மாணவி அம்மா சொன்னபடியே முதலில் பாட்டி கதையை எழுதினாள் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகவே வந்திருக்கும். தையல் மெஷின் சத்தம், விளக்கு வெளிச்சம், விற்ற வளையல் எல்லாம் கண்முன் வரும். ஆனால் எழுதி முடித்ததும் ஒரு சின்ன சோதனை செய்துபார்க்கலாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யார் செய்தார்?' என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வர வேண்டும். பாட்டி தைத்தார், பாட்டி விற்றார், பாட்டி அழுதார், பாட்டி நிமிர்ந்தார். 'நான்' என்ற சொல் கடைசிப் பத்தியில்தான் வருகிறது, 'அதனால்தான் நான் வழக்கறிஞராக விரும்புகிறேன்' என்று.

படிப்பவருக்கு பாட்டியை மிகவும் பிடித்துப்போகும். ஆனால் விண்ணப்பித்திருப்பது பாட்டி அல்ல, பேத்தி. அவளைப் பற்றி அந்த இரண்டு பக்கத்தில் எதுவுமே இல்லை.

புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அடிக்கடி வழுக்கும் இடம் இது. கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழ் இளைஞர்களுக்கும் பொருந்தும். அங்கும் பல லா ஸ்கூல்கள் இப்படிக் கட்டுரை கேட்கின்றன. பெற்றோர் பட்ட துன்பம் பெரியது, உண்மையானது. அதன் பக்கத்தில் தன் வாழ்க்கை சின்னதாகத் தெரியும். 'எனக்கென்ன நடந்தது, சொல்லிக்கொள்ள?' என்ற கூச்சத்தில், பெரியவர்களின் காயத்தை எடுத்துத் தங்கள் கதையாக வைத்துவிடுகிறார்கள்.

அந்தக் கதையைத் தொடவே கூடாது என்பதில்லை. அந்தக் கதை தன்னை என்ன செய்தது, அதைக் கேட்டு வளர்ந்ததால் தான் என்ன செய்தேன் என்று எழுத ஏதாவது இருந்தால் தாராளமாக எழுதலாம். பாட்டிக்கு இரண்டு வரி, பேத்திக்கு இரண்டு பக்கம் என்ற கணக்கு இருந்தால் போதும்.

மாதிரி நீதிமன்றம் ஏன் எடுபடாது?

அப்பா சொன்ன யோசனையும் தவறில்லை. ஆனால் அந்த வெற்றி ஏற்கெனவே ரெஸ்யூமேயில் ஒரு வரியாக இருக்கிறது. அதையே இரண்டு பக்கத்துக்கு நீட்டினால் புதிதாகத் தெரிய வருவது குறைவு. தவிர, லா ஸ்கூலுக்கு வருபவர்களில் மாதிரி நீதிமன்றத்தில் பேசியவர்கள் ஏராளம்.

இதேபோல் தேய்ந்துபோன தலைப்புகள் இன்னும் உண்டு. 'சின்ன வயதிலிருந்தே நான் நன்றாக வாதாடுவேன், நீ வக்கீலாகத்தான் போவாய் என்று எல்லோரும் சொல்வார்கள்' என்பது ஒன்று. காந்தி பொன்மொழியில் தொடங்குவது இன்னொன்று. டி.வி. சீரியல் வக்கீலைப் பார்த்து ஆசைப்பட்டது, ஒரு வாரம் ஏழை நாட்டுக்குத் தொண்டு செய்யப் போய் வாழ்க்கை மாறிவிட்டது, அரசியலமைப்புச் சட்டம் பற்றிய ஆய்வுரை... எல்லாமே அட்மிஷன் அலுவலகம் பார்த்துச் சலித்தவை. சட்டம் தெரியுமா என்று அங்கே யாரும் சோதிக்கவில்லை. அதைச் சொல்லித்தரத்தான் மூன்று வருடம் இருக்கிறதே!

சின்ன விஷயம், பெரிய கதவு

சரி, அந்த மாணவி எதைத்தான் எழுதுவது?

அவளுக்கு 16 வயதில் நடந்த ஒன்று. குடும்பம் வாடகை வீட்டைக் காலி செய்தது. வீட்டு உரிமையாளர் அட்வான்ஸ் தொகையைத் திருப்பித் தராமல், 'சுவரில் கறை, தரையில் கீறல்' என்று கடிதம் அனுப்பினார். அப்பாவுக்கு ஆங்கிலம் அலுவலக அளவுக்குத்தான். மகள்தான் படித்துச் சொன்னாள். கடிதத்தில் இருந்த கடுமையான சொற்களை அப்பாவிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் மென்மையாக்கிச் சொன்னாள். 'பொறுமையாப் பேசிக்கலாம்' என்று அப்பா பதில் போடாமல் விட்டுவிட்டார். நாட்கள் ஓடின.

பிறகு நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான், வாடகை ஒப்பந்தம் முடிந்த 30 நாட்களுக்குள் அந்தத் தொகையை, பிடித்தம் இருந்தால் கணக்கோடு, திருப்பித் தர வேண்டும் என்பது நியூஜெர்சி மாநிலச் சட்டம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளே கடிதம் எழுதினாள். பணத்தில் ஒரு பகுதி வந்தது. முழுதும் வரவில்லை.

அந்தப் பணத்தைவிட அவளை உறுத்தியது வேறு. அப்பாவின் மனம் நோகக்கூடாது என்று சொற்களை மாற்றியதால், நிலைமை எவ்வளவு மோசம் என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. முடிவெடுக்க வேண்டியவர் அவர். அவருக்கு உண்மை முழுதாகப் போய்ச் சேரவில்லை.

வழக்கறிஞர் வேலையின் மையத்தில் இருப்பதும் இதே கேள்விதான். கட்சிக்காரருக்குக் கசப்பான செய்தியை எப்படிச் சொல்வது? அவருக்காக நாம் பேசும்போது அவருடைய முடிவை நாமே எடுத்துவிடாமல் இருப்பது எப்படி? 'நான் நேர்மையானவள், பொறுப்பானவள்' என்று அவள் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. தான் செய்த தவற்றையும் அதை எப்படிப் புரிந்துகொண்டாள் என்பதையும் சொன்னாலே படிப்பவருக்கு விளங்கிவிடும். கோப்பை வாங்கிய மேடையை விட சமையலறை மேஜையில் பிரித்த ஒரு கடிதம் அவளைப் பற்றி அதிகம் சொல்கிறது.

தலைப்பை முடிவு செய்யும் முன் ஐந்து கேள்விகள்

1. வேறொருவர் பெயரைப் போட்டாலும் இந்தக் கட்டுரை பொருந்துமா? பொருந்தினால், அது உங்கள் கட்டுரை அல்ல.

2. இந்தத் தகவல் விண்ணப்பத்தில் வேறு எங்காவது இருக்கிறதா? இருந்தால், இந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுங்கள். ஒரு செமஸ்டரில் மதிப்பெண் சரிந்ததற்கான காரணத்தையும் இங்கே கொட்ட வேண்டாம். அதற்குத் தனியாகச் சிறு விளக்கக் குறிப்பு இணைக்கலாம்.

3. காயம் ஆறிவிட்டதா? விபத்து, இழப்பு, வன்முறை பற்றி எழுதுவதில் தவறில்லை. ஆனால் எழுதும்போது இன்னும் கை நடுங்கினால், அதை இந்த ஆண்டே எழுதியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. துயரத்தை விலையாகக் கொடுத்து இடம் வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது.

4. இதில் வருபவர்களுக்குச் சம்மதமா? அப்பாவின் குடிப்பழக்கம், அக்காவின் விவாகரத்து எல்லாம் அவர்களுடைய வாழ்க்கையும்கூட. முன்பின் தெரியாதவர்கள் படிக்கப்போகிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

5. இதைப் பற்றி நேரில் பத்து நிமிடம் பேச முடியுமா? பேச முடியாத அளவுக்கு மிகைப்படுத்தி இருந்தால், அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

இனம், அடையாளம்... எழுதலாமா?

2023 ஜூன் 29-ம் தேதி, ஹார்வர்டு பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. இனத்தை ஓர் அளவுகோலாக வைத்து மாணவர்களைச் சேர்க்கும் முறை அதன்பின் முடிவுக்கு வந்தது. 'அப்படியானால் நான் தமிழர், குடியேறிய வீட்டுப் பிள்ளை என்று எழுதவே கூடாதா?' என்ற பயம் பலருக்கு வந்தது.

அதே தீர்ப்பிலேயே பதில் இருக்கிறது. இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் எழுதினால், அதைப் பல்கலைக்கழகம் கருத்தில் கொள்ளத் தடையில்லை. ஆனால் அது அந்த மாணவரின் துணிவோடும் திறமையோடும் இணைந்திருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் குறிப்பிட்டார். அடையாளத்தைச் சொல்லி நிறுத்தாமல், அந்த அடையாளத்தோடு நீங்கள் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு வழக்கறிஞர்களுக்கு...

இங்கே சட்டம் படித்துவிட்டு ஓராண்டு எல்.எல்.எம். படிக்கப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. நீங்கள் ஏற்கெனவே வழக்கறிஞர் என்பதால் 'ஏன் சட்டம்?' என்பதைவிட, 'ஏன் இந்தத் துறை, ஏன் இந்தப் பள்ளி, முடித்துவிட்டு என்ன செய்வீர்கள்?' என்பதே பெரிய கேள்வி. நீங்கள் நடத்திய வழக்கில் உங்களை யோசிக்கவைத்த ஒரு சட்டச் சிக்கலை எடுத்துக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: கட்சிக்காரரின் பெயரோ, அவர் ரகசியமாகச் சொன்னதோ எழுத்தில் வந்துவிடக் கூடாது. தொழில் ரகசியத்தைக் காக்கத் தெரியாத வழக்கறிஞர் என்று அந்த இரண்டு பக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

'நாங்களே எழுதித் தருகிறோம்!'

காசு வாங்கிக்கொண்டு எஸ்.ஓ.பி. எழுதித் தரும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இப்போது ஏ.ஐ. செயலிகளும் சேர்ந்துவிட்டன. 2023-ல் மிச்சிகன் பல்கலைக்கழக லா ஸ்கூல், கட்டுரையில் ஏ.ஐ. பயன்படுத்தக் கூடாது என்றது. அதே ஆண்டு அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக லா ஸ்கூல் அனுமதித்தது. விதிகள் பள்ளிக்குப் பள்ளி, ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியைப் பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் உள்ளதெல்லாம் உண்மை என்று கையொப்பமிட்டுத்தான் அனுப்புகிறீர்கள். படிப்பு முடிந்து பார் தேர்வு எழுதி வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது, நடத்தையும் தகுதியும் தனியாக விசாரிக்கப்படும். லா ஸ்கூல் விண்ணப்பத்தில் சொன்ன பொய் அப்போதும் வந்து கழுத்தைப் பிடிக்கலாம். எல்சாட் தேர்வின் ஒரு பகுதியாகக் கண்காணிப்பில் எழுதும் கட்டுரையும் பள்ளிகளுக்குப் போகிறது. அதிலுள்ள நடையையும் இதிலுள்ள நடையையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெற்றோர் உதவக் கூடாதா? உதவலாம். எழுத்துப் பிழை பார்க்கலாம். அதைவிட நல்ல உதவி ஒன்று உண்டு. 'நீ இந்த வீட்டுல செஞ்ச எது எங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு தெரியுமா?' என்று பேச்சைத் தொடங்குவது. பிள்ளைகள் மறந்துபோன தங்கள் கதைகள் பெற்றோரிடம்தான் பத்திரமாக இருக்கின்றன.

அந்த நியூஜெர்சி மாணவியின் கட்டுரையில் பாட்டியும் இருக்கிறார், ஒரே ஒரு வரியில். கடிதம் எழுத உட்கார்ந்த இரவில், 'கேட்காத காசு கைக்கு வராது' என்று பாட்டி சொல்வது அவள் நினைவுக்கு வருகிறது. அந்த இடத்தில் பாட்டி நகர்ந்துவிடுகிறார். பேனா பேத்தியின் கையில்.