பழம்பட்டுக்கு விலை வைக்கும் அறை

காஞ்சிபுரத்தின் புதுப்புடவைக் கடைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பழம்பட்டு வாங்குபவரின் பின்னறைக்குள் நுழைந்ததுண்டா? அடடா, வேடிக்கையே அங்கேதான்! தரையில் வெள்ளை வேட்டி விரிக்கிறார். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கிறார். குறையெல்லாம் பகல் வெளிச்சத்தில்தான் தெரியுமாம்.

ஓர் அம்மா விற்கக் கொண்டுவந்த புடவை விரிந்ததும் முந்தியழகைப் பார்ப்பார் என்றுதானே நினைப்போம்? இல்லை! கை நேரே பின்பக்கத்தைப் புரட்டுகிறது. உடலும் கரையும் சேருமிடத்தில் ஊடை நூல்கள் ஒன்றையொன்று கோத்துக் கிடந்தால் அது கோர்வை என்னும் கரை இணைப்பு. முந்தி தொடங்குமிடத்தில் சொரசொரவென்று ஒரு கோடு விரலில் தட்டினால் அது பெட்னி என்னும் முந்தி இணைப்பு. இரண்டும் இருந்தன. அவர் புருவம் உயர்ந்தது; புடவைக்கார அம்மாவின் முகமும் மலர்ந்தது!

அடுத்தது ஜரிகை. ஓரத்தில் ஓர் இழையை நகத்தால் சுரண்ட, உள்ளே சிவப்பு நூல் எட்டிப் பார்த்தது. ஆஹா, அசல்! சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலில் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. தங்கம் ஒரு சதவீதம்கூடத் தேறாது, வெள்ளிதான் அதிகம். ஜரிகை கொஞ்சம் கருத்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள், வெள்ளியின் இயல்பு அது.

பிறகு மடிப்பு. எனக்கு மூச்சே நின்றுவிட்டது! "ஒரே மடிப்புல இத்தனை வருஷமா வச்சிருக்கீங்களேம்மா..." என்றபடி இரண்டு விரலால் மெல்ல இழுத்தார். இற்ற பட்டு அங்கேதான் கீறும். கீறவில்லை! ஊக்குத் துளையையும் தேய்ந்த கீழோரத்தையும் இழை ஓட்டிச் சரிசெய்துவிடலாம்; மடிப்பில் இற்றதை யாராலும் மீட்க முடியாது.

அசல் பட்டென்று சான்று சொல்லும் சில்க் மார்க் முத்திரை வந்ததே 2004இல்தான். அதற்கு முந்தைய புடவைக்குச் சீட்டு ஏது? ஒரு நூலைக் கொளுத்தினார்; முடி கருகும் வாசனை எழுந்தது. சாம்பல் விரலில் பொடிந்தது. பட்டேதான்!

பழம்பட்டு வாங்கத் தெருவில் கூவி வருபவர் ஜரிகையின் வெள்ளிக்கு மட்டுமே விலை சொல்வார், உருக்கத்தானே வாங்குகிறார். உடல் இற்றிருந்தாலும் கரை நன்றாக இருந்தால் புதுத்துணியில் வைத்துத் தைக்கலாம். உடலும் உறுதியாக இருக்கும் கோர்வைப் புடவையை மட்டும் தயவுசெய்து உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள்.