கணினியைத் தொட்டால் சுர்ரென்கிறதா? ரேடியோ இரைகிறதா?

இரவில் திருச்சி வானொலியைப் பிடிக்க மத்திய அலையில் 936 கிலோஹேர்ட்ஸுக்குத் திருப்புகிறீர்கள். பக்கத்து அறையில் மகன் கணினியைப் போட்டதும் ஒரே இரைச்சல். ரேடியோ பழுதில்லை. இரைச்சல் கணினியின் பவர் சப்ளையிலிருந்து வீட்டு வயர் வழியாக வருகிறது.

அதற்குள் என்ன நடக்கிறது? நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் கரண்ட். பழைய வகைச் சப்ளை அலையின் உச்சியில் மட்டும் அவசரமாகக் கரண்டை இழுக்கும், மற்ற நேரம் சும்மா இருக்கும். இதனால் வலுக் காரணி (வயரில் ஓடும் கரண்டில் எவ்வளவு வேலைக்கு ஆகிறது என்ற கணக்கு) விழுந்துவிடும். அதைச் சீராக்க வந்ததுதான் பிஎஃப்சி. ஒரு டிரான்சிஸ்டரைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி, அலையின் வடிவத்திலேயே கரண்டை எடுக்கும் சுற்று அது.

பில் குறையுமா? வீட்டுக்குக் குறையாது, உங்கள் மீற்றர் யூனிட்டை மட்டுமே எண்ணும். 42 கேவிஏக்கு (வேலைக்கு ஆகாத கரண்டையும் சேர்த்த கணக்கு) மேல் எடுக்கும் பெரிய பாவனையாளர்களுக்குத்தான் கேவிஏ கணக்கிலும் கட்டணம் இருக்கிறது.

திறந்து மூடுவது ஏன் ரேடியோவில் கேட்க வேண்டும்? பரவலாகக் காணப்படும் வேகம் 65 கிலோஹேர்ட்ஸ். திடீரென்று வெட்டப்படும் கரண்ட் அந்த மீடிறனோடு (செக்கனுக்கு எத்தனை தடவை) நிற்காது. 130, 195, 260 என்று மடங்குகளிலும் எழும். 585, 650, 715 என மத்திய அலைக்குள்ளும் வந்துவிடும். வேகத்தை மாற்றிக்கொண்டே ஓடும் சப்ளை என்றால் இரைச்சல் ஓரிடத்தில் நிற்காமல் டயல் முழுக்கப் பரவும்.

ஏன் குறிப்பாக 65? வயரில் போகும் இரைச்சலுக்கான சிஸ்பர் என்ற சர்வதேச வரம்புகள் இத்தகைய சாதனங்களுக்கு 150 கிலோஹேர்ட்ஸில்தான் தொடங்குகின்றன. 65, 130 இரண்டும் அதற்குக் கீழே தப்பிவிடும். முதலில் அகப்படுவது 195. அதற்குள் இரைச்சல் கொஞ்சம் தளர்ந்திருக்கும். வடிகட்டி சிறிதாகப் போதும், செலவும் மிச்சம். கெட்டிக்காரத்தனம்தான், குற்றம் சொல்ல முடியாது.

எவ்வளவு சிறிது? 195இல் உள்ள இரைச்சலை நூறில் ஒன்றாக்க வேண்டும் என்று வைப்போம். ஒரு கம்பிச் சுருளும் ஒரு கப்பாசிட்டரும் சேர்ந்த வடிகட்டியை அதன் பத்தில் ஒன்றான 19.5 கிலோஹேர்ட்ஸுக்கு அமைத்தால் கணக்குச் சரிவரும். கப்பாசிட்டர் 0.47 மைக்ரோஃபராட் என்றால் சுருள் சுமார் 140 மைக்ரோஹென்றி. கப்பாசிட்டரை இரட்டித்தால் சுருள் பாதியாகும்.

அப்படியானால் கப்பாசிட்டரையே பெரிதாக்கலாமே? லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் நிற்கும் அந்த எக்ஸ் கப்பாசிட்டர் தானும் கரண்ட் இழுக்கும்; சுமை குறைந்த நேரத்தில், சீராக்கிய வலுக் காரணியை அதுவே கெடுக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பின்னில் மின் தேங்கி நிற்கும். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும்.

உங்களைத் தொடும் விஷயம் அடுத்ததில் இருக்கிறது. லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக ஏர்த்துக்குப் போகும் ஒய் கப்பாசிட்டர்கள் உண்டு. லைன் பக்கம் 4.7 நனோஃபராட் போட்டால் 0.34 மில்லி அம்பியர் எப்போதும் ஏர்த்துக்குக் கசியும். ஏர்த் உள்ள பல சாதனங்களுக்கு வரம்பு 3.5. ஆகவே ஒய்யை இஷ்டத்துக்குப் பெரிதாக்க முடியாது. மிச்ச வேலையைச் சுருள்தான் செய்ய வேண்டும். சப்ளையைத் திறந்தால் பிளக் வயர் வரும் இடத்தில் தெரியும் தடித்த செம்புக் கம்பி வளையம் அதுதான்.

இப்போது கணினியின் ஏர்த் பின்னை விட்டுவிட்டு, இரண்டு பின்னில் மாட்டுகிறீர்கள். இரண்டு ஒய் கப்பாசிட்டர்களும் 230ஐப் பங்குபோட, கணினியின் தகரப்பெட்டி 115 வோல்ட் அளவில் நிற்கும். வெறுங்காலோடு தொட்டால் விரலில் சுர்ரென்கிறது. கரண்ட் சிறிதுதான், ஆனால் வடிகட்டியின் பாதி வேலை நின்றுபோனதற்கு அது அடையாளம். நம் கரையோரத்தில் ஏர்த் பின் மாட்டியிருந்தாலும் நம்பி இருக்க முடியாது. உப்புக் காற்றில் ஏர்த் கம்பியின் கிளாம்ப் பச்சை பிடித்துத் தளர்ந்துபோகும். எலக்ட்ரீசியன் வீட்டுக்கு வந்தால் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர்த் நன்றாக இருந்தும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு கணினி வகுப்பில் 20 கணினிகள் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்கு வடிகட்டி இருந்தால் தலைக்கு 0.68; மொத்தம் 14 மில்லி அம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. எல்லை பக்கத்திலேயே இருக்கிறது: 30 மில்லி அம்பியர் சுவிட்ச் 15ஐத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் விழலாம், விதியே அதற்கு இடம் தருகிறது. சுவிட்சை எடுத்துவிடாதீர்கள். கணினிகளை இரண்டு லைனாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் போடுங்கள்.

மலிவுச் சப்ளை வாங்கியவர்கள் ஒன்றைப் பாருங்கள். பலகையில் சுருளுக்கும் கப்பாசிட்டருக்கும் இடம் அச்சடித்திருக்கும், ஓட்டைகள் காலியாக இருக்கும். சுருள் வர வேண்டிய இடத்தில் இரண்டு துண்டு வயரைப் பற்றவைத்திருப்பார்கள். ரேடியோ இரைவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். வயரில் மாட்டும் கறுப்பு ஃபெரைட் குண்டை ஒரு சுற்றோடு விட்டால் மத்திய அலைக்குப் பெரிதாக உதவாது.

ரிப்பேருக்குக் கொடுத்தால், மாற்றும் கப்பாசிட்டரில் எக்ஸ்2, ஒய்2 என்ற அடையாளம் இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரணக் கப்பாசிட்டரை எக்ஸ் இடத்தில் போட்டால், பழுதாகும்போது தீப்பிடிக்கலாம். ஒய் இடத்தில் போட்டால் லைன் நேரே பெட்டிக்கு வந்துவிடலாம்.