சண்டைக்கு ஒருவர், பட்டறைக்கு ஒருவர்: ஏன்?

ஆன்லைன் விளையாட்டில் அரக்கர்களோடு மோதும் வீரன் தன் வாளைத் தானே அடித்துக்கொள்ளலாமே? அதற்கென்று இன்னொரு கேரக்டரை ஏன் வளர்க்கிறார்கள்?

விதிதான் காரணம். 1997இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டில் தொடக்கத்தில் ஒரு திறனுக்கு உச்சம் 100 புள்ளியாக இருந்தது. எல்லாத் திறன்களுக்கும் சேர்த்து 700. கொல்லு வேலை, தையல், தச்சு என்று கற்றுக்கொண்டே போனால் வாள்வீச்சுக்கும் வைத்தியத்துக்கும் புள்ளி மிஞ்சவில்லை. 2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டிலோ ஒரு கேரக்டருக்கு இரண்டே முதன்மைத் தொழில்கள்.

எப்படி நடக்கிறது? வீரன் தாதுவும் தோலும் திரட்டி அனுப்புவான். பட்டறைக்காரர் ஆயுதமாக்கித் திருப்பித் தருவார். மிச்சம் சந்தைக்குப் போகும்.

கடலூர்க் கரைக்கு இப்படி வேலையைப் பிரித்துக்கொள்வது புதிதல்ல. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்குள்ள தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியது. இந்தக் கரையின் பெரிய சரக்கு துணி. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையிலும் அதே வணிகம்தான். நூற்பவர், நெய்பவர், வெளுப்பவர், சாயமிடுபவர் என்று ஒரு துணிக்குப் பல கைகள். அங்கே எல்லை போட்டது மனித ஆயுள். விளையாட்டில் புள்ளிக் கணக்கு.

எல்லையை எடுத்துவிட்டால்? 2001இல் தொடங்கிய 'ரூன்ஸ்கேப்'பில் ஒரே கேரக்டர் எல்லாத் திறன்களையும் உச்சம்வரை வளர்க்கலாம். தனிப் பட்டறைக்காரருக்கு அங்கே அவ்வளவாக வேலையில்லை.